பன்னிரண்டாவது மணி

ஆர்ஃபோர்டு துறையில் காலை ஏழுக்கு
பிரிங்க்லி படகை அவிழ்க்கிறார்.
ஐந்து நிமிடக் கடப்பு.
அக்கரையில் மரமில்லை. கூழாங்கல், காற்று,
கூரை போன இரண்டு கொட்டகைகள்,
‘பாதையை விட்டு விலகாதீர்’ என்றொரு பலகை.
விலகத்தான் எனக்குச் சம்பளம்.

தோளில் உலோகம் தேடும் கருவி.
பையில் நூறாண்டுக்கு முந்திய பதிவேட்டின் நகல்:
தேதி, விமானி, உயரம், காற்று, எடை, முடிவு.
முடிவுக் கட்டத்தில் இரண்டே சொற்கள்.
வெடித்தால் வெற்றி.
வெடிக்காவிட்டால் தோல்வி.
வெற்றிகளால் எனக்கு ஒரு வேலையுமில்லை,
அவை அன்றைக்கே முடிந்துபோயின.
தோல்விகள்தான் இன்னும் இங்கே,
ஒன்றரை முழ ஆழத்தில்
துருவேறி, பொறுமையாக.

ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில்
மற்றப் பக்கங்களையும் வாசிப்பேன்.

தொடக்கத்தில் அவர்கள் சோதித்தது குண்டையே அல்ல.
இறக்கைத் துணிக்குப் பூசும் பசையை.
விறைத்த விரலால் விசையை இழுக்க முடியுமா என்பதை.
சுழலும் விசிறியின் இடுக்கால் ரவை போகுமா என்பதை.
ரவை போகவில்லை, விசிறி போயிற்று.
‘மீண்டும் முயல்க’ என்று குறிப்பு.
ஒரு மூட்டை மணலைப் பாராசூட்டில் இறக்கினார்கள்,
மணல் பிழைத்தது.
பிறகு ஒரு மனிதன்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எடை:
நூற்று ஐம்பத்தெட்டு இறாத்தல்.

பதினெட்டாம் ஆண்டு மார்ச்சில் கையெழுத்து மாறுகிறது.
ஹெஸ்டர் ஸ்மை, வயது பத்தொன்பது,
மீன் ஏலக் கணக்கு எழுதிப் பழகிய விரல்.
இருட்டுக் குடிசை ஒன்றில் அவளை இருத்தினார்கள்.
கூரையில் ஒரு வில்லை.
அதன் வழியே வானம் இறங்கி
மேசைக் காகிதத்தில் படுத்துக்கொள்ளும்.
அதற்குள் ஈயளவு விமானம் ஊரும்.
நொடிக்கொரு மணி. மணிக்கொரு புள்ளி.
எவரும் இழை போடாத புள்ளிகள்.
அவற்றின் இடைவெளியை அளந்துதான்
அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள்,
இங்கே விட்டால் எங்கே விழுமென்று.

ஆகஸ்ட் இருபத்திரண்டு. லெப்டினன்ட் ஆல்டஸ்.
ஒன்பதாயிரம் அடி. மேல்காற்று.
பத்துப் புள்ளிகள் நேர்கோட்டில்.
பதினொன்றாவது கொஞ்சம் இடப்பக்கம்.
பன்னிரண்டாவது மணிக்கு
மூன்று சிறு புள்ளிகள்.

அதற்குப் பிறகும் மணி அடித்திருக்கும்.
காகிதத்தில் ஒன்றுமில்லை.
ஓரத்தில் மட்டும் அவள் எழுத்து:
‘படம் மேசையை விட்டு வெளியே போகவில்லை.’
முடிவுக் கட்டத்தில் வேறு கை, வேறு மை:
தோல்வி.

மறுநாள் புதுப் பெயர், பழைய உயரம்.
பென்சிலை நன்றாகச் சீவியிருக்கிறாள்.

அந்தச் சொல்லை நான் வேறு விதமாய் அறிவேன்.
புதுக்குடியிருப்பில், எங்கள் வளவில், ஒரு தை மாதம்,
கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே
ஒன்று வந்து குத்தி நின்றது.
பங்கருக்குள் ஆறு பேர்.
தங்கச்சி சத்தமாய் எண்ணிக்கொண்டிருந்தாள்,
முப்பது வரை, பிறகு திரும்பவும் ஒன்றிலிருந்து.
மாடு அசைபோட்டது.
எந்த நாட்டிலோ, எந்தக் கொட்டகையிலோ,
அந்த வகைக்கும் ஒரு பதிவேடு இருக்கும்.
எங்கள் ஆறு பேரையும் எழுத
அதில் ஒரே சொல்தான் உண்டு.

கருவி கத்துகிறது.
முழந்தாளிட்டு, கல்லைக் கல்லாய்
கையால்தான் எடுக்க வேண்டும்.
கொடி நட்ட எல்லைக்குள் ஒரு முயல் ஓடுகிறது,
பலகை வாசிக்கத் தெரியாதது.

நாலரைக்குக் கடைசிப் படகு.
“இன்றைக்கு எத்தனை?” என்கிறார் பிரிங்க்லி.
“இரண்டு,” என்கிறேன். “இரண்டும் முழுசாக.”
“நல்லது,” என்று கயிற்றை எறிகிறார்.
நான் பிடித்துக்கொள்கிறேன், ஈரமாயிருக்கிறது.